இடையில் நிற்பவனின் நேர்மை

1

நேர்மை என்ற சொல்லைப் படைப்பாளியோடு மட்டும் சேர்த்துப் பேசியே பழகிவிட்டோம். கவிஞன் தன் அனுபவத்துக்கு உண்மையாக இருந்தானா, நாவலாசிரியன் தன் பிரக்ஞைக்குத் துரோகம் செய்தானா என்றெல்லாம் கேட்கிறோம். இடையில் நிற்பவர்களிடம், அதாவது மொழிபெயர்ப்பாளன், பதிப்பாசிரியன், விமர்சகன், அச்சுக் கோப்பவன் ஆகியோரிடம், திறமையை மட்டும் எதிர்பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் கொண்டு சேர்ப்பதுதானே, இதில் அறப் பிரச்னைக்கு இடமேது என்கிற எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு மேலோட்டமானது என்பது எனக்குப் புலப்பட்டது இலக்கியத்தின் வழியாக அல்ல. மேசா என்ற ஒரு கம்ப்யூட்டர் நூலகத்தின் முப்பது வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது.

நூலகம் என்றால் இங்கே புஸ்தகசாலை அல்ல. பல புரோகிராம்கள் வேண்டும்போது கூப்பிட்டு உபயோகித்துக்கொள்ளும்படி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் பகுதிகளின் தொகுப்பு. மேசா செய்யும் காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். படம் வரைய விரும்பும் புரோகிராம், "இந்த மூன்று புள்ளிகளுக்கு இடையே ஒரு முக்கோணம், இந்த நிறத்தில், இந்த வெளிச்சத்தில்" என்கிறது. படத்தைத் திரையில் வரையும் சிப்புக்கு முக்கோணமும் தெரியாது, வெளிச்சமும் தெரியாது. அதன் குறிப்பிட்ட முகவரிகளில் குறிப்பிட்ட எண்களை எழுதினால் அது ஒரு காரியம் செய்யும். அந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியிலும் தலைமுறைக்குத் தலைமுறை வேறு. முதல் பேச்சை இரண்டாவது பேச்சாக மாற்றுகிறவனுக்கு டிரைவர் என்று பெயர். வண்டி ஓட்டுகிறவன் ஞாபகம் வரவேண்டாம். துபாஷி என்ற நம் பழைய சொல் இன்னும் பொருந்தும். மேசா அத்தகைய பல துபாஷிகள் ஒரே கூரையின் கீழ் வாழும் சத்திரம்.

துபாஷியை இரு தரப்பும் சந்தேகிப்பது வழக்கம். புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வருஷக்கணக்காக நாட்குறிப்பு எழுதி வைத்தார். அதற்கு அவருடைய காரணங்கள் எவையானாலும், இடையில் நிற்பவன் தான் செய்ததை எழுதி வைக்கிறான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் கட்டுரை அங்கேதான் போய் முடியும்.

2

1992ல் அமெரிக்காவின் சிலிகான் கிராஃபிக்ஸ் கம்பெனி, தன் விலை உயர்ந்த யந்திரங்களில் படம் வரைவதற்கு வைத்திருந்த முறையைப் பொதுவான விதித்தொகுப்பாக மாற்றி, ஓப்பன்ஜிஎல் என்ற பெயரில் வெளியிட்டது. விதிகளை யாரும் படிக்கலாம். விதிகளின்படி நடக்கும் யந்திரம் வேண்டுமானால் கை நிறையப் பணம் வேண்டும். 1993 ஆகஸ்டில் பிரையன் பால் என்பவர், ஓய்வு நேரத்தில், அந்த விதிகளின்படி படம் வரையும் சிறிய நூலகம் ஒன்றைத் தாமே எழுதிப் பார்க்கத் தொடங்கினார். விசேஷமான சிப் எதுவும் தேவையில்லை. சாதாரணக் கம்ப்யூட்டரின் மூளையே ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டு வரையும். மெதுவாகத்தான் வரையும். ஆனால் வரையும்.

வெளியிடுவதற்கு முன், 1994 நவம்பரில், அவர் கம்பெனிக்கு எழுதி அனுமதி கேட்டார். வக்கீல்களோடு பேச்சு நடந்தது. அனுமதி கிடைத்தது. 1995 பிப்ரவரியில் முதல் பதிப்பு வந்தது. அனுமதி கிடைத்தபோதும் பெயர் கிடைக்கவில்லை. மேசா என்பது ஓப்பன்ஜிஎல்லின் உரிமம் பெற்ற வடிவம் அல்ல என்று அதனுடைய ஆவணங்களே வெகுகாலம் சொல்லிவந்தன. விதியை வரிக்கு வரி கடைப்பிடிப்பது, ஆனால் விதியின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்ளாமல் இருப்பது. பட்டத்தை முதலில் வாங்கி மாட்டிக்கொண்டு பிறகு தகுதியைப் பற்றி யோசிக்கிற சூழலில் வாழும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். பின்னால் காலம் மாறியது. இன்று மேசாவின் பல டிரைவர்கள், விதிகளை நிர்வகிக்கும் க்ரோனோஸ் அமைப்பின் சோதனைகளில் முறைப்படி தேறியவை.

பிரையன் பால் எழுதிய சிறிய புரோகிராம் ஒன்று உண்டு. மூன்று பல்சக்கரங்கள், சிவப்பு, பச்சை, நீலம். ஒன்றின் பல் இன்னொன்றின் இடைவெளியில் பொருந்தச் சுழன்றுகொண்டே இருக்கும். எதையும் அரைப்பதில்லை, எதையும் நகர்த்துவதில்லை. ஐந்து விநாடிக்கு ஒருமுறை எத்தனை படங்கள் வரையப்பட்டன என்று ஒரு வரி எழுதும். அந்த எண்ணை வைத்துத் தன் யந்திரம் உன் யந்திரத்தைவிட வேகம் என்று வாதிட்டவர்கள் அநேகம். இது அளவுகோல் அல்ல என்று விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சக்கரங்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நடுவில் ஒருவன் இருக்கிறான், அவன் உயிரோடிருக்கிறான். அளவுகோல்களுக்குப் பிறகு வருவோம்.

3

படம் வரைவதற்கென்றே தனிச் சிப்புகள் 1990களின் பிற்பகுதியில் சாதாரண மனிதனின் மேஜைக்கு வந்தன. சிப் கைக்கு வந்தது. அதன் பாஷை வரவில்லை. பாஷை வியாபார ரகசியம். சில கம்பெனிகள் பிறகு மனம் மாறின. தன் சிப்புகளின் விவரங்களை வெளியிடப்போவதாக ஏஎம்டி 2007 செப்டம்பரில் அறிவித்தது. இன்டெல் தன் சம்பளத்தில் ஆட்களை வைத்து மேசாவுக்கு எழுதச் செய்தது. என்விடியா பேசவில்லை.

பேசாதவனின் பாஷையை எப்படிக் கற்பது? 2005ல் தொடங்கிய நூவோ என்ற முயற்சி இதைத்தான் மேற்கொண்டது. கம்பெனியின் சொந்த டிரைவரை ஓடவிட்டு, அதனிடம் ஒரே ஒரு முக்கோணத்தை வரையச் சொல்கிறார்கள். வரைவதற்கு முன் சிப்பின் முகவரிகளில் இருந்த எண்களைக் குறித்துக்கொள்கிறார்கள். வரைந்த பின் உள்ள எண்களையும் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு முக்கோணத்தின் நிறத்தை மட்டும் மாற்றி மீண்டும். எந்த எண் மாறியதோ அது நிறத்தின் எண். இப்படி ஆயிரக்கணக்கான முறை. பல வகைச் சிப்புகள் ஒருவர் கையில் இருக்க முடியாது என்பதால், உலகின் பல மூலைகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் தங்கள் யந்திரத்தில் எடுத்த குறிப்புகளை அனுப்பிவைத்தார்கள்.

சொல்லப்படாததை அறிந்துகொள்வது திருட்டா? கேள்வி நியாயமானது. மௌனமாக இருக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவனது மௌனம் மற்றவன்மேல் செவிட்டுத்தனத்தைச் சுமத்த முடியாது. என் மேஜைமேல் இருக்கும் பொருளுக்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் என்ன செய்கிறது என்று பார்ப்பது, கல்லை விட்டால் கீழே விழுகிறதா என்று பார்ப்பதைவிட அடிப்படையில் வேறானதல்ல. வேறான ஒன்று இருக்கிறது. கம்பெனியின் டிரைவரை எழுதியவன் எழுதியதை எடுத்து நகல் செய்வது. நடத்தையைக் கவனிக்கலாம், எழுத்தைத் தொடக்கூடாது என்ற எல்லையை இந்த வேலையில் இருப்பவர்கள் பிடிவாதமாகக் காக்கிறார்கள். களவாடப்பட்டு வெளியே கசிந்த மூலம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் அதைத் திறந்து பார்ப்பது அவர்களிடையே விலக்கப்பட்ட செயல். விடை புஸ்தகம் பக்கத்தில் கிடக்க, கணக்கைத் தானே போடுகிற மாணவனின் வீம்பு என்று இதைச் சிலர் கருதலாம். நான் இதை வீம்பாகக் கருதவில்லை. எப்படி அறிந்தோம் என்பது அறிந்ததின் ஒரு பகுதி.

2014ல் வந்த சிப் தலைமுறையிலிருந்து என்விடியா ஒரு மாற்றம் செய்தது. சிப்பின் உள்ளே ஓடும் சில சிறு புரோகிராம்கள் கம்பெனியின் கையொப்பம் இருந்தால் மட்டுமே இயங்கும். வேகத்தைக் கூட்டும் பொறுப்பு அத்தகைய ஒரு புரோகிராமிடம் இருந்தது. கையொப்பமிட்ட பிரதி அவர்களுக்குத் தரப்படவில்லை. ஆகவே பாஷை தெரிந்தும், இலக்கணம் தெரிந்தும், அந்தத் தலைமுறைச் சிப்புகளைத் துவக்க வேகத்துக்குமேல் அவர்களால் ஓட்ட முடியவில்லை. ஏகலைவன் ஞாபகம் வருகிறது. கற்றதை யாரும் அவனிடமிருந்து எடுக்கவில்லை; கட்டைவிரலை மட்டும் கேட்டார்கள். 2022 மே மாதத்தில் அந்தக் கம்பெனி தன் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்து வெளியிட்டது, 2018ல் தொடங்கிய தலைமுறைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும். நடுவில் அகப்பட்டவை நடுவிலேயே நிற்கின்றன.

4

இன்னொரு சம்பவம். படங்களைச் சுருக்கிவைக்கும் முறை ஒன்று எஸ்3 என்ற கம்பெனியிடமிருந்து வந்தது. நான்குக்கு நான்காகப் பதினாறு புள்ளிகளை எடுத்துக்கொள். அந்தக் கட்டத்துக்கு இரண்டே நிறங்களைத் தேர்ந்தெடு. அந்த இரண்டையும் அவற்றின் இடையே கலந்து பெறும் நிறங்களையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியும் எதைச் சேர்ந்தது என்பதை இரண்டு பிட்டில் குறி. பதினாறு புள்ளிகள் 8 பைட்டில் அடங்கிவிடும். முறை இவ்வளவுதான். நான் இப்போது ஐந்தாறு வரியில் எழுதிவிட்டேன். ஆனால் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை இருந்தது. பெரும்பாலான விளையாட்டுகள் இதை எதிர்பார்த்தன. மேசாவில் இதை எழுதினால் அதை விநியோகிப்பவர்கள் வழக்கில் மாட்டக்கூடும்.

என்ன செய்தார்கள்? நூலகத்துக்குள் அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். காலி என்று தெரியும்படி விட்டார்கள். சுருக்குவதும் விரிப்பதும் தனியே ஒரு சிறு நூலகமாக வெளியில் இருந்தது. வேண்டியவர் தம் பொறுப்பில், தம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து, சேர்த்துக்கொள்ளலாம். இருந்தால் மேசா அதைக் கூப்பிடும். இல்லாவிட்டால் தன்னால் முடியாது என்று புரோகிராமிடம் சொல்லிவிடும். பல ஆண்டுகள் இப்படியே போயின. 2017 அக்டோபர் 2ஆம் தேதி காப்புரிமை காலாவதியானது. அந்தப் பகுதி உடனே மேசாவுக்குள் வந்து சேர்ந்தது. தயாராகக் காத்திருந்தார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்லக்கூடியவர்களை எனக்குத் தெரியும். பதினாறு புள்ளிகளைப் பற்றிய சாமான்யமான யோசனைக்கு ஒருவன் சொந்தம் கொண்டாடுவதே அபத்தம், அபத்தத்துக்குப் பணிவது அடிமைப் புத்தி என்பார்கள். அபத்தம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இந்த நூலகத்தை எடுத்துத் தம் பெயரில் விநியோகிப்பவர்கள் வேறு, எழுதுபவர்கள் வேறு. எழுதுபவனின் துணிச்சலுக்கு விநியோகிப்பவன் தண்டம் கட்ட நேரும். இடையில் நிற்பவன் தன் வீரத்தைப் பிறர் செலவில் காட்டக்கூடாது. முடியாததை முடியாது என்று சொல்லிவிடுவது அவனுக்கு விதிக்கப்பட்ட முதல் உண்மை. முடிந்ததுபோல் பாவனை செய்து மங்கலான ஒரு படத்தைக் காட்டியிருந்தால் அதுதான் அவமானமாக இருந்திருக்கும்.

5

மங்கலான படத்தைக் காட்டிய கதையும் இருக்கிறது.

2001ல் ஏடிஐ கம்பெனி ரேடியான் 8500 என்ற கார்டை வெளியிட்டது. அந்த நாட்களில் ஒரு கார்டின் வேகத்தை அளக்கப் பத்திரிகைகள் பரவலாக உபயோகித்த விளையாட்டு குவேக் 3. யாரோ ஒருவருக்குச் சந்தேகம். விளையாட்டின் கோப்புப் பெயரில் குவேக் என்று இருந்ததைக் குவாக் என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேறு எதையும் தொடவில்லை. வேகம் குறைந்தது, படம் தெளிவானது. டிரைவர் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. குவேக் என்ற பெயரைக் கண்டதும் படத்தின் தரத்தைச் சற்றே இறக்கி வேகத்தைக் கூட்டியிருக்கிறது. அமளிக்குப் பிறகு வந்த டிரைவரில் தரம் சரிசெய்யப்பட்டது.

2003ல் இன்னொன்று. 3டிமார்க்03 என்ற அளவைப் புரோகிராமில் காமிரா எப்போதும் ஒரே பாதையில்தான் செல்லும். என்விடியாவின் டிரைவர் இதை அறிந்து, அந்தப் பாதையிலிருந்து தென்படாத பகுதிகளை வரையாமலே விட்டுவிட்டது. காமிராவைப் பாதையைவிட்டு ஓரடி விலக்கினால் உலகம் பிய்ந்து தொங்கியது. மே மாதம் இதைக் கண்டுபிடித்து வெளியிட்ட ஃபியூச்சர்மார்க் நிறுவனம் முதலில் மோசடி என்ற பொருளில் பேசியது; ஜூனில் இரு தரப்பும் கூட்டாக விட்ட அறிக்கையில் அது குறிப்பிட்ட புரோகிராமுக்கான மேம்பாடு என்று ஆகிவிட்டது. ஒரே காரியம், ஒரு மாதத்துக்குள் இரண்டு பெயர்கள். விமர்சனச் சொற்களின் சரித்திரம் எழுதுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இதுவரை எளிது. பொய்யன் இவன், உண்மையானவன் அவன் என்று பிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் மேசாவும் பெயர்களைப் பார்க்கிறது.

மேசாவோடு ஒரு கோப்பு வருகிறது. அதில் விளையாட்டுகளின் பெயர்கள் ஒரு பட்டியலாக இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதற்கு மட்டும் செய்யவேண்டிய சலுகை. ஒரு விளையாட்டு, மதிப்புக் கொடுக்காத ஒரு மாறியைப் படிக்கிறது. எழுதியவனின் யந்திரத்தில் அது தற்செயலாகப் பூஜ்யமாக இருந்திருக்கும். அவனுக்குத் தவறே தெரிந்திருக்காது. இங்கே அதில் குப்பை இருக்கும். திரையில் அலங்கோலம் வரும். விதிப்படி தவறு விளையாட்டினுடையது. ஆனாலும் அந்த விளையாட்டுக்கு மட்டும், எல்லா மாறிகளும் பூஜ்யத்தில் தொடங்கும் என்று மேசா வைத்துக்கொள்கிறது. இன்னொன்று விதி அனுமதிக்காத இடத்தில் ஒரு கட்டளையை எழுதியிருக்கிறது. அதற்கு மட்டும் கண்டுகொள்ளாமல் விடப்படுகிறது. இவையெல்லாம் போகட்டும். சில விளையாட்டுகளிடம், தான் எந்தக் கம்பெனியின் சிப் என்பதையே மாற்றிச் சொல்வதற்கும் அதில் வழி உண்டு. இது சுத்தமான பொய்.

ஆக, இரண்டு பேருமே பெயரைப் பார்க்கிறார்கள், நடத்தையை மாற்றுகிறார்கள். வித்தியாசம் எங்கே?

நோக்கத்தில் என்று முதலில் தோன்றும். குவேக் விஷயத்தில் லாபம் இடையில் நின்றவனுக்கு. நஷ்டம் பார்க்கிறவன் கண்ணுக்கு. மேசாவின் பட்டியலில் பார்க்கிறவனுக்குச் சரியான படம் கிடைக்கிறது. இடையில் நிற்பவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே என்று ஆறுதல் அடையலாம். நான் அங்கே ஒதுங்கத் தயங்குகிறேன். நன்மை குற்றமற்றதுதானா என்று தீர்மானிக்கிறவன் யார்? பொய் சொல்கிறவனே என்றால், ஏடிஐயும் சொல்லக்கூடும்: விளையாட்டு வேகமாக ஓடியது, விளையாடியவன் மகிழ்ந்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு தரம் குறைந்ததில் யாருக்கு என்ன குறை? நல்ல நோக்கம் என்பது எல்லோரிடமும் கைவசம் இருக்கிற சரக்கு.

என் அபிப்பிராயத்தில் வித்தியாசம் பட்டியலில்தான் இருக்கிறது. அது எழுதப்பட்டிருக்கிறது. எந்த விளையாட்டுக்கு, என்ன சலுகை என்பது சாதாரண எழுத்தில், யாரும் திறந்து படிக்கும்படி இருக்கிறது. அதை யார் சேர்த்தது, எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லி என்பதும் பதிவாகியிருக்கிறது. பிடிக்காதவன் தன் யந்திரத்தில் அந்த வரியை அடித்துவிடலாம்; விளையாட்டின் உண்மையான அலங்கோலத்தைத் தன் கண்ணால் பார்க்கலாம். தவறென்று நினைத்தால் எல்லோருக்குமாகவே அதை நீக்கும்படி வாதாடலாம். அதாவது, நன்மை குற்றமற்றதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பொய் சொன்னவனிடமிருந்து பிரிந்து வேறொருவன் கைக்குப் போயிருக்கிறது. குவாக் என்று பெயர் மாற்றிப் பார்க்கும் தந்திரம் இங்கே தேவைப்படாது.

நம் பதிப்பாசிரியர்களிடம் இந்தப் பிரச்னை முன்பே வந்திருக்கிறது. ஏட்டில் வெளிப்படையாகத் தவறான பாடம். எழுதியவன் இல்லை; கேட்க முடியாது. தானே திருத்தி அச்சிட்டுவிட்டுப் பேசாமல் இருப்பவன் ஒரு ரகம். தான் ஏற்ற பாடத்தை மேலே வைத்துவிட்டு, ஏட்டில் கண்ட மற்றதைப் பாடபேதமென்று அடிக்குறிப்பில் தருகிறவன் இன்னொரு ரகம். இருவரும் தலையிடுகிறார்கள். இரண்டாமவன் தன் தலையீட்டை இன்னொருவன் ரத்துசெய்வதற்கான வழியையும் சேர்த்து அச்சிடுகிறான். உ.வே.சா.வின் மேல் நமக்கிருக்கும் மரியாதையில் பாதி அவர் அடிக்குறிப்புகளுக்கு உரியது.

இதற்கும் விலை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. சலுகை கிடைத்துவிடுவதால் தவறு செய்தவன் தன் தவறை அறியாமலே போகிறான். விதி ஒன்று, நடைமுறை ஒன்று என்றாகி, நாளடைவில் விதியைப் படித்து எழுதுகிறவன் முட்டாளாகிறான். உயிரோடிருக்கும் கம்பெனியென்றால் எழுதித் திருத்தச் சொல்லலாம்; மூடிப்போன கம்பெனியின் விளையாட்டை இனி யாரும் திருத்தப்போவதில்லை. செத்தவனின் எழுத்துப் பிழையோடு வாழத்தான் வேண்டும். திறந்த பட்டியல் இந்த நஷ்டத்தைத் தீர்ப்பதில்லை. எவ்வளவு நஷ்டமென்று எண்ணிப் பார்க்க வைக்கிறது, அவ்வளவே.

6

ஓலை தானாக வாழ்வதில்லை. சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து பெயர்த்தெழுதினால்தான் வாழும். டிரைவரும் அப்படியே. அதன் எழுத்து செல்லரிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ளவை மாறுகின்றன. கீழே இயங்கும் அமைப்பு மாறும், மேலே வரும் புரோகிராம்கள் மாறும், விதியே புதிய பதிப்பு காணும். தொடாமல் விட்ட டிரைவர் சில வருஷங்களில் பேசத் தெரியாததாகிவிடும். 2008 ஆகஸ்டில் வந்த விதியின் மூன்றாம் பதிப்பை மேசா எட்டிப் பிடித்தது 2012 பிப்ரவரியில். பிடிப்பதற்குள் விதி இன்னும் முன்னே போயிருந்தது. முடிவே இல்லாத வேலை.

முடிவற்ற வேலையில் எதைக் கைவிடுவது என்ற கேள்வி வந்தே தீரும். 2021 டிசம்பரில் மேசா தன் பழைய முறையில் எழுதப்பட்ட டிரைவர்களைப் பிரதான மூலத்திலிருந்து நீக்கியது. அவற்றில் ரேடியான் 8500க்கானதும் ஒன்று. குவாக் விவகாரத்தின் அதே கார்டு. அதைச் செய்து விற்றவர்கள் மறந்து வெகுகாலம் ஆன பிறகும் அதற்காக நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்த துபாஷி, கார்டு பிறந்து இருபது வருஷத்துக்குப் பின் விடைபெற்றான்.

பழைய யந்திரத்தை வைத்துக்கொண்டிருப்பவன் ஏழையாகவோ பிடிவாதக்காரனாகவோ இருப்பான். இருவரிடமும் எனக்குப் பிரியம் உண்டு. ஆகவே இந்த நீக்கத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எண்ணிக்கையில் குறைந்தவனைக் கைவிடுவது வியாபாரியின் தர்மமல்லவா? ஆனால் மறுதரப்பையும் சொல்ல வேண்டும். பழைய டிரைவர்களைச் சோதித்துப் பார்க்கக் கார்டு வைத்திருப்பவர்களே அருகிவிட்டார்கள். சோதிக்காமல் வைத்திருப்பதென்றால், வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது. அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. அதுவும் ஒரு பொய்தான். மேலும் அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காகப் புதியவை வளைந்து நிற்க வேண்டியிருந்தது. கடைசியில் அவர்கள் செய்தது: ஆம்பர் என்று பெயரிட்ட தனிக் கிளையில் அத்தனையையும் அப்படியே வைத்தார்கள். புதிய மேசாவும் அந்தப் பழையதும் ஒரே யந்திரத்தில் அருகருகே இருக்கலாம்.

ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். விட்டவர்கள் கெட்டவர்களல்ல, படிக்கத் தெரியாத ஏட்டைப் பரணில் அழுகவிடுவதைவிடத் தண்ணீரில் சேர்ப்பது மரியாதை என்று நினைத்தார்கள். அவர்கள் செய்யத் தவறியது ஒன்று. தன்னால் முடியாததை இன்னொருவனால் முடியலாம் என்ற சாத்தியத்தை அவர்கள் மிச்சம் வைக்கவில்லை. என்றைக்கும் சுமக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இறக்கி வைக்கும்போது இன்னொருவன் தூக்கக்கூடிய இடத்தில் இறக்கி வைத்தானா என்று கேட்கலாம். என் கோபம் இந்தக் கேள்வியில் வந்து தணிந்தது. முற்றிலும் தணிந்தது என்று சொல்ல மாட்டேன்.

7

இது தியாகிகளின் கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேசாவில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இன்று சம்பளக்காரர்கள். சிப் கம்பெனிகளும் விளையாட்டுக் கம்பெனிகளும் பணம் கொடுக்கின்றன. 2022ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டு யந்திரம் மேசாவின் மேல்தான் ஓடுகிறது. பணம் வந்தவுடன் புனிதம் போய்விட்டது என்று முகம் சுளிக்கும் பழக்கம் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு உண்டு. நானும் சுளித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. 2016ல் ஏஎம்டியின் சிப்புகளுக்குக் கம்பெனிக்கு வெளியே இருந்த இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பொழுதுபோக்காக, ஆர்ஏடிவி என்ற டிரைவரைத் தொடங்கினார்கள். கம்பெனி தன்னுடையதைத் திறந்தது 2017 டிசம்பரில். இரண்டும் பல ஆண்டுகள் அருகருகே வளர்ந்தன. 2025ல் கம்பெனி தன்னுடையதை நிறுத்திவிட்டு வெளியாட்களுடையதையே ஏற்றுக்கொண்டது. நடுவில் வேறு கம்பெனிகளின் பணம் ஆர்ஏடிவிக்கு வந்ததும் உண்மை. யார் சம்பளம் கொடுத்தார் என்பதைவிட, சம்பளம் வாங்காத ஒருவன் நாளை வந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி "இது தவறு" என்று சொல்ல வழி இருக்கிறதா என்பதே கேள்வி. அந்த வழி மூடினால், எல்லோரும் இலவசமாக உழைத்தாலும் அது மோசடியாகிவிடும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரை நீக்கிவிட்டுக் கவிதைகளைக் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னார். அதைப் பற்றிய அவருடைய புஸ்தகம் 1929ல் வந்தது. மேதைகள் உதறப்பட்டார்கள்; சாமான்யர்கள் புகழப்பட்டார்கள். கோப்பின் பெயரைக் குவாக் என்று மாற்றியவனும் இதே பரிசோதனையைத்தான் செய்தான். நம் விமர்சகர்களிடம் இதைச் செய்து பார்த்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பெயரைப் பார்க்கிறோம், அளவுகோல் தானாக நீளுகிறது, குறுகுகிறது. நண்பனின் தொகுப்புக்கு மதிக்கப்படாத மாறிகளெல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. எதிரணிக்காரனின் வரியில் விதி அட்சரம் பிசகாமல் அமலாகிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ரசனை.

சலுகையே இல்லாமல் வாசிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. மூத்தவர் என்பதற்காக, முதல் தொகுப்பு என்பதற்காக, சிறையிலிருந்து எழுதியது என்பதற்காக, இறந்துவிட்டார் என்பதற்காக நாம் வளைந்துகொடுக்கிறோம். சிலவற்றில் வளைவது சரியாகவும் இருக்கும். இடையில் நிற்பவன் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, எழுதியவனுக்கா, விதிக்கா, வாசிக்கிறவனுக்கா என்று ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. சமயத்துக்குச் சமயம் மாறும் என்றே தோன்றுகிறது. மாறியபோதெல்லாம் அதை எழுதி வைத்தானா என்பதை மட்டும் கேட்கலாம். என் மதிப்புரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, யார் யாருக்கு எதெதை விட்டுக்கொடுத்தேன் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். பதினோரு பெயர்கள் வந்தன. அவற்றில் நான்கு பேர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள். பட்டியலை இங்கே அச்சிட எனக்குத் தைரியம் வரவில்லை. வராதவரை, மேலே எழுதியதில் ஒரு பகுதி என்மேலேயே சொல்லப்பட்டது என்று வாசகர் எடுத்துக்கொள்ளலாம்.